டெல்டா வயலில் பூச்சி, சிலந்தி, கூகை: களத்தில் இறங்கி எண்ணுவோருக்கு அனுபவக் குறிப்புகள்

காவிரி டெல்டாவில் காட்டுயிர் ஆய்வு என்றதும் கோடியக்கரை வெளிமானும் முத்துப்பேட்டை அலையாத்தியும்தான் பலருக்கு நினைவில் வரும். கோடியக்கரை 1967-இலேயே சரணாலயம் ஆனது. 2002-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் ஏறியது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-இல் அதே பட்டியலுக்கு வந்தன. ஆனால் உதயமார்த்தாண்டபுரத்து மரங்களில் கூடு கட்டுகிற நத்தைகுத்தி நாரை, நத்தை பொறுக்கப் போவது சுற்றுவட்டாரத்து நடவு வயல்களுக்கு. சரணாலயக் கரையில் நின்று எண்ணி முடித்தால் பாதிக் கணக்குதான் கையில் வரும். மீதிக்கு வயலில் இறங்க வேண்டும். வயலுக்கோ நிலையான உருவமே கிடையாது. போன மாதம் தண்ணீர் தளும்பிய இடம் இன்று பயிர், அறுத்தால் தாள், அதன் மேல் உளுந்து, சித்திரையில் வெடித்த மண்.

பூச்சி, சிலந்தி, எலி, எலி பிடிக்கும் கூகை ஆந்தை என்று எண்ணக் கிளம்பும் மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த மாற்றத்தில்தான். வலையும் பொறியும் சரியாக இருந்தும், பயிரின் வயதையும் தண்ணீரின் வரத்தையும் கணக்கில் கொள்ளாததால் ஒரு பருவ உழைப்பு வீணாகிவிடும்.

தேதியை நம்பக் கூடாது

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாறு, காவிரி, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். இதற்கிடையே ஃபில்டர் பாயிண்ட் என்ற குழாய்க் கிணறு வைத்திருப்பவர்கள் அணையை எதிர்பார்க்காமல் குறுவை நட்டிருப்பார்கள். ஆகவே ஒரே ஆகஸ்ட் 15-இல் கும்பகோணம் பக்கம் கதிர் வெளிவந்த குறுவை நிற்கும். தலைஞாயிறு பக்கம் சம்பாவுக்குப் புழுதி உழவு ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் ‘ஆகஸ்ட் மாதக் கணக்கு’ என்று ஒரே பத்தியில் எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

நட்ட நாளிலிருந்து எண்ணுவது முதல் திருத்தம். அதுவும் போதாது. ஆடுதுறை 43 போன்ற ரகம் 110 நாளில் அறுவடைக்கு வரும், சி.ஆர். 1009 ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும். நட்ட 50-ஆம் நாள் முன்னதில் பூக்கும் தறுவாய், பின்னதில் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்கும். அதனால் பதிவேட்டில் நட்ட நாள் ஒரு கட்டம், பயிர்ப் பருவம் (பச்சை பிடித்தல், தூர் கட்டுதல், தொண்டைக் கதிர், பூ, பால், முற்றல்) இன்னொரு கட்டம், வயலில் நிற்கும் தண்ணீரின் ஆழம் சென்டிமீட்டரில் மூன்றாவது கட்டம். ஆழத்தை வயலின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஸ்கேல் வைத்து அளக்க இரண்டு நிமிடம் போதும். காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் வயலில், காயும் நாளில் எடுத்த கணக்குக்கும் பாயும் நாளில் எடுத்த கணக்குக்கும் சம்பந்தமே இருக்காது. தண்ணீர் ஏறினால் தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்திகள் தண்டில் ஏறிக் கண்ணில் படும். இறங்கினால் வெடிப்புக்குள் போய்விடும்.

குத்துக் கணக்கு

சிலந்தியை ஏன் இவ்வளவு கவனமாக எண்ண வேண்டும்? நெல் தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்குப் பரிந்துரைக்கப்படும் பொருளாதாரச் சேதநிலையை, அதாவது மருந்தை யோசிக்க வேண்டிய அளவை, பாருங்கள்: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (ஒரு கிளைத் தண்டுக்கு) ஒரு புகையான், குத்துக்கு (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்றுக் கொத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. மருந்துச் செலவு வேண்டுமா வேண்டாமா என்பதே சிலந்திக் கணக்கில் தொங்குகிறது.

எண்ணும் முறை எளிது. வரப்பிலிருந்து குறைந்தது ஐந்தடி உள்ளே தள்ளி, மூலைவிட்டமாக நடந்து 20 குத்துகள். காலை ஏழரைக்குள் பனி காயாது. ஒன்பதரைக்கு மேல் வெயிலில் சிலந்திகள் கீழே இறங்கிவிடும். இடைப்பட்ட இரண்டு மணி நேரம்தான் கைக்கு. நிழல் குத்தின் மேல் விழாதபடி சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும். முதலில் கை வைக்காமல் மேல் இலையைப் பார்க்கவும்: இலையோடு இலையாகக் கால்களை நீட்டிப் படுத்திருப்பது நீள்தாடைச் சிலந்தி. பிறகு நடு இலை. கடைசியில் குத்தைச் சாய்த்து நீர்மட்டத்தில் பார்க்க வேண்டும். புகையான் அங்கேதான் ஒட்டியிருக்கும், ஓநாய்ச் சிலந்தியும் அங்கேதான். சாய்த்த குத்தை உள்ளங்கையால் மூன்று தட்டு தட்டி, தண்ணீரில் விழுவதையும் எண்ண வேண்டும். இந்த வரிசை மாறினால் மேலே இருப்பவை பறந்தும் குதித்தும் போன பிறகுதான் மேல் இலையைப் பார்ப்பீர்கள்.

இப்போது பலர் தவறவிடும் கணக்கு. குத்துக்கு இத்தனை என்ற எண்ணிக்கையை ஒரு வயலோடு இன்னொரு வயலை ஒப்பிட அப்படியே பயன்படுத்த முடியாது. 20-க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. 20-க்கு 15 என்றால் 33. ஒற்றை நாற்றாக நடும் திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 என்றால் 16தான். ஒற்றை நாற்று வயலில் குத்துக்கு இரண்டு சிலந்தி பார்த்து மகிழ்ந்தால் அது சதுர மீட்டருக்கு 32. நெருக்கி நட்ட பக்கத்து வயலில் குத்துக்கு ஒன்று என்பது 50. ஆட்கள் நடும் வயலில் இடைவெளி சொன்னபடி இருக்காது. ஆகவே மீட்டர் கயிறு போட்டு ஒவ்வொரு வயலிலும் குத்தை எண்ணி, சதுர மீட்டருக்கு மாற்றியே எழுத வேண்டும். கடைமடையில் நேரடி விதைப்பு அதிகம். அங்கே குத்து என்பதே கிடையாது. பி.வி.சி. குழாயில் 50-க்கு 50 சென்டிமீட்டர் சட்டம் செய்து மெதுவாக இறக்கி, உள்ளே இருப்பதை எண்ணி நான்கால் பெருக்கினால் போதும்.

ஒரே வயலில் 20 குத்து பார்த்தால் அது 20 மாதிரி ஆகாது. ஒரு வயல், ஒரு மாதிரி. மருந்து அடித்த ஒரு வயலையும் அடிக்காத ஒரு வயலையும் ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் 20 குத்து எண்ணி, ‘மொத்த மாதிரி 40’ என்று எழுதிய ஆய்வேடுகள் நூலகங்களில் கிடக்கின்றன. வகைக்குக் குறைந்தது ஆறு வயல் வேண்டும், அதுவும் ஒரே வாய்க்கால் பாசனத்தில் அடுத்தடுத்து இல்லாமல்.

வலை, கிண்ணம், விளக்கு

வீச்சு வலை எல்லோருக்கும் பிடிக்கும். பார்ப்பதற்கு ஆய்வு மாதிரி இருக்கும். 38 சென்டிமீட்டர் வளையம், பத்து வீச்சு, ஒவ்வொன்றும் அரைவட்டம், பயிரின் மேல் மூன்றில் ஒரு பங்கு வலைக்குள் வரும்படி. ஊசித்தட்டான், பொறிவண்டு, பச்சைத் தத்துப்பூச்சி, ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு நல்ல கருவி. புகையானுக்கும் தரைச் சிலந்திக்கும் உதவாது. வலையில் வரவில்லை என்பதற்காக வயலில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. பனி ஈரத்தில் வீசினால் எல்லாம் கூழாகி ஒட்டும். பூத்த பிறகு வீசவே வேண்டாம். பூ உதிரும், விவசாயி அடுத்த முறை வரப்பில் கால் வைக்க விட மாட்டார், அது நியாயமும்கூட.

வரப்பில் குழிப்பொறி வைப்பதற்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் வாய் உள்ள பிளாஸ்டிக் டம்ளர் போதும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு டம்ளர் புதைத்தால் உள்ளதை மட்டும் எடுத்து வடிகட்டலாம், மண் சரியாது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி உப்பு, ஒரு சொட்டு சோப்புக் கரைசல். 48 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. டெல்டாவில் இந்தப் பொறியைக் கெடுப்பவை நான்கு. நண்டு டம்ளரைப் பிடுங்கிப் போடும். தவளையும் மூஞ்சூறும் விழுந்து செத்து நாறும். அந்த நாற்றத்துக்கு வண்டுகள் வந்து கணக்கு வீங்கும். ஒரு சென்டிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை வாயில் கட்டினால் இது நிற்கும். ஐப்பசி மழையில் நிரம்பி வழியும். மேலே நான்கு ஆணியில் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கூரையாக நிறுத்த வேண்டும். நான்காவது, களிமண் காயும்போது டம்ளர் விளிம்பைச் சுற்றி வெடித்து விடுவது. ஒரு மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலும் தரைவண்டு அதற்குள் இறங்கிப் போய்விடும், டம்ளருக்குள் விழாது. போகிறபோதெல்லாம் விளிம்பைச் சேற்றால் மெழுக வேண்டும்.

தண்ணீர் ஊற்றிய மஞ்சள் கிண்ணப் பொறி சின்னக் குளவிகளைப் பிடிப்பதற்கு. பயிர் உயரத்துக்குக் கம்பில் நிறுத்தவும். தண்ணீர் மட்டத்தில் வைத்தால் கொசு இனத்து ஈக்களாலேயே நிரம்பிவிடும்.

விளக்குப்பொறி பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விடிய விடிய எரியவிட்டு, காலையில் வாளி நிறையப் பூச்சியைக் காட்டி ‘இவ்வளவும் எதிரி’ என்று படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. அந்த வாளியில் தரைவண்டு, நீர்ச்சறுக்கி, குளவி எல்லாம் கலந்திருக்கும். கண்காணிப்புக்கு மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை போதும். தண்டு துளைப்பானின் பெண் அந்து மஞ்சள் நிறம், முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி. ஆண் சிறியது, வெளிர் பழுப்பு. பெண்ணை மட்டும் தனியே எண்ணுவது நல்லது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வரத்து குறையும். பிறை நிலையைப் பதிவேட்டில் எழுதாவிட்டால் பூச்சி குறைந்ததா நிலா கூடியதா என்று பிற்பாடு தெரியாது. தெருவிளக்கை எல்.இ.டி.க்கு மாற்றிய ஊரில் பழைய கணக்கோடு ஒப்பிடுவதும் இதே சிக்கல்தான். இன்னொன்று: விளக்குக்கு வரும் ஆரஞ்சும் கறுப்புமான ஒல்லி வண்டு கழுத்தில் ஏறினால் நசுக்க வேண்டாம், ஊதித் தள்ளவும். நசுங்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் மறுநாள் கொப்பளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். வயலில் இதுவும் நன்மை செய்யும் பூச்சிதான்.

முட்டைக் குவியல் பேசும்

செலவில்லாமல் அதிகம் சொல்லித் தருவது தண்டு துளைப்பானின் முட்டைக் குவியல். இலை நுனிக்கு அருகில், பழுப்பு மயிர் போர்த்தி, அரைப் பயறு அளவில் ஒட்டியிருக்கும். நட்ட ஒரு மாதத்துக்குள் 30, 40 குவியல்களை இலைத்துண்டோடு நறுக்கி, ஒரு குவியலுக்கு ஒரு சோதனைக் குழாய் என்று போட்டு, ஈரப் பஞ்சை அடியில் வைத்து, வாயைப் பருத்தித் துணியால் கட்டி நிழலில் வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் புழு வரும். பத்துப் பன்னிரண்டு நாளுக்குள், முட்டையைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி வர வேண்டியதும் வந்துவிடும். எத்தனை குவியலில் குளவி, எத்தனையில் புழு, எத்தனையில் இரண்டும் என்று எழுதினால் அந்த வயலில் இயற்கை எதிரி என்ன வேலை செய்கிறது என்று தெரியும். பஞ்சு சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தால் பூஞ்சாணம் பிடித்து எல்லாம் வீணாகும். காய்ந்தால் இலை சுருண்டு முட்டை நசுங்கும். டெல்டா வெயிலில் நாளுக்கு ஒரு முறை தொட்டுப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

ட்ரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவி பொரிந்து வரும் அட்டை கட்டுகிற வயல்களை ஆய்வுக்கு எடுத்தால் இந்தக் குழாய்கள் இல்லாமல் முடிவு சொல்லக் கூடாது. தண்டு துளைப்பானுக்கு ட்ரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம், நட்ட 30, 37-ஆம் நாட்களில், ஹெக்டேருக்கு ஒவ்வொரு தடவையும் 5 சி.சி.; இலைச்சுருட்டுப் புழுவுக்கு ட்ரைக்கோகிரம்மா கைலோனிஸ், 37, 44, 51-ஆம் நாட்களில், அதே அளவு. இதுதான் பரிந்துரை. அட்டை வெயிலில் பையில் கிடந்தாலோ, பொரிக்கும் நாள் தாண்டி வந்து சேர்ந்தாலோ, எறும்பு ஏறினாலோ பலன் பூஜ்யம். இலையின் அடிப்பக்கம், மாலை நேரம், மழை இல்லாத நாள் என்பதெல்லாம் அதனால்தான். கட்டிய அட்டையில் ஒரு துண்டைக் கிள்ளி வைத்துக்கொண்டு, எத்தனை சதவீதம் பொரிந்தது என்று வீட்டில் பார்த்துவிட்டால், ‘குளவி வேலை செய்யவில்லை’ என்ற பழி குளவி மேல் வராது.

கேட்கத் தெரிய வேண்டும்

வயலின் மருந்து வரலாறு இல்லாத பூச்சிக் கணக்கு குப்பைக்குத்தான். ‘மருந்து அடிச்சீங்களாண்ணே?’ என்று கேட்டால் ‘இல்லைப்பா’ என்பார், பொய் இல்லை. யூரியாவோடு கலந்து வீசிய குருணை மருந்தை அவர் ‘அடித்ததாக’ நினைப்பதில்லை, ‘போட்டதாக’ நினைக்கிறார். களைக்கொல்லியும் அப்படியே விட்டுப்போகும். ‘நாற்றங்காலிலிருந்து இன்றைக்கு வரைக்கும் நெல்லுக்கு என்னென்ன போட்டீங்க, வரிசையாகச் சொல்லுங்கண்ணே’ என்று கேட்டு, பாட்டிலையும் பாக்கெட்டையும் படம் எடுக்க வேண்டும். கடைக்காரர் எழுதித் தரும் பெயர் வணிகப் பெயர். நமக்கு வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்பது. பக்கத்து வயல்காரர் டிரோனில் அடித்தாரா, காற்று எந்தப் பக்கம் என்பதையும் கேட்டுக்கொள்ளவும்.

இது ஏன் முக்கியம் என்றால், நட்ட முதல் 30, 40 நாளில் விழும் மருந்துதான் வயலின் மீதிக் காலத்தை முடிவு செய்கிறது. அந்த வேளையில் பயிரில் பூச்சி அதிகம் இருக்காது. சிலந்திகள் சேற்றில் மக்கும் பொருளைத் தின்று வளரும் சிறு ஈக்களைப் பிடித்துப் பெருகிக்கொண்டிருக்கும். இந்தோனேசியாவின் ஜாவா தீவில் நடந்து 1996-இல் வெளியான ஆய்வு இந்தச் சங்கிலியைத் தெளிவாகக் காட்டியது. முதல் குருணையிலேயே ஈயும் சிலந்தியும் போய்விட்டால், பின்னால் வரும் புகையானைத் தடுக்க ஆள் இல்லை. செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடித்த வயலில் புகையான் அடங்குவதற்குப் பதிலாகக் கிளம்பி வருவதும் பழைய கதை. தொழுவுரம் போட்ட வயலையும் போடாத வயலையும் பிரித்து வைத்து ஆரம்பக் கட்டக் கணக்கு எடுத்தால் இந்தச் சங்கிலி நம் மண்ணிலும் கண்ணில் படும்.

வரப்பு அகலமா, குறுகலா?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பூச்சி ஆள் வரப்பு அகலமாக இருக்க வேண்டும் என்பார்: தட்டைப்பயறு, எள், உளுந்து விதைக்க இடம், பூவுக்குக் குளவி, புல்லுக்குள் சிலந்தி. எலி ஆள் குறுக்கச் சொல்வார்: 45 சென்டிமீட்டர் அகலம், 30 உயரத்துக்குள் இருந்தால் கரம்பை எலி வளை தோண்ட முடியாது. இரண்டுமே சரி. இரண்டையும் ஒரே வரப்பில் அளக்காமல் ‘வரப்புப் பயிர் நல்லது’ என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தால், அடுத்த தையில் கதிர் வெட்டுப்பட்ட விவசாயி அதை நம்ப மாட்டார்.

ஆகவே வரப்பில் பூச்சி எண்ணும் ஒவ்வொரு ஆய்வும் வளையையும் எண்ண வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, 100 மீட்டர் வரப்பில் உள்ள எல்லா வளை வாயையும் மாலையில் மண் போட்டு அடைத்துவிட்டு, மறுநாள் காலை எத்தனை திறந்திருக்கிறது என்று பார்த்தால் அதுவே உயிருள்ள வளைக் கணக்கு. கரம்பை எலி தன் வாசலைத் தானே மண்ணால் அடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அதனால் வாசல் முன்னால் புதிதாகக் குவிந்த மண்ணும் உயிருள்ள வளைக்கு அடையாளம்தான். நண்டு வளையைச் சேர்த்து எண்ணிவிடுவது புதியவர்கள் செய்வது. அது சின்னது, ஈரம் பூசிய வட்டம், சுற்றிலும் சேற்று உருண்டைகள் கிடக்கும்.

கள அளவில் ஓடக்கூடிய சமரசம் ஒன்று உண்டு. வயலுக்குள் பிரிக்கும் வரப்புகள் குறுகலாக இருக்கட்டும். வாய்க்கால் கரை, வண்டிப்பாதை ஓரம் இவற்றில் மட்டும் செடி நிற்கட்டும். வரப்பு அண்டை வெட்டும்போது எல்லாப் பக்கமும் ஒரே நாளில் மழிக்காமல், ஒரு பக்கம் விட்டு இரண்டு வாரம் கழித்து மறுபக்கம் வெட்டினால் சிலந்திக்குப் போக்கிடம் இருக்கும்; கூலிச் செலவும் கூடாது. அறுவடைக்குப் பின் நான்கைந்து சின்ன வைக்கோல் கட்டுகளை வரப்பில் போட்டு வைத்து, அடுத்த நடவில் வயலுக்குள் வைப்பதும் சிலந்தியைக் கடத்தும் வழி. எலி கட்டுக்குள் குடிபுகுந்ததா என்று மட்டும் உதறிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூகையின் கக்கல்

எலிக் கணக்கை நமக்காக இரவெல்லாம் எடுப்பது கூகை. கோபுர மாடம், பழைய ரைஸ்மில், தண்ணீர்த் தொட்டி, தென்னங்குருத்து ஆகியவை அது அடையும் இடங்கள். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்த பகுதிகளில் கட்டடங்களைத்தான் முதலில் தேட வேண்டும். தின்ற எலியின் மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கும். நாளுக்கு ஒன்று, இரண்டு. புதியது கறுத்துப் பளபளவென்று வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கும். பழையது சாம்பல் பூத்து உதிரும். முதல் தடவை போகும்போது கீழே கிடக்கும் எல்லாவற்றையும் கூட்டித் தனிப் பையில் போட்டுவிட வேண்டும், அது ‘காலம் தெரியாதது’. அதன்பின் வாரம் ஒரு முறை எடுப்பதுதான் கணக்கு. கூடு இருக்கும் இடத்தில் மாடத்துக்குள் ஏறக் கூடாது. தரையில் விழுந்ததோடு நிறுத்திக்கொள்ளவும். கோயில் என்றால் நிர்வாகத்திடமும் குருக்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஊரில் இதற்குச் சாவுக்குருவி என்று பெயர். ‘இது எங்கே அடைகிறது?’ என்று நாலு பேர் முன்னால் உரக்கக் கேட்டால் அடுத்த வாரம் அந்தப் பறவை விரட்டப்பட்டிருக்கும்.

உருண்டையை 60 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தினால் உள்ளிருக்கும் அந்துப்புழு சாகும். மின் அடுப்பு (ஓவன்) இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். உலர்த்திய பின் 8 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊற வைத்தால் மயிர் கரைந்து எலும்பு நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்க்கவும். இரவு முழுக்க விட்டால் மூஞ்சூறு, சுண்டெலி எலும்பும் சேர்ந்து அரித்துவிடும். டீ வடிகட்டியில் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். கையுறை இரண்டு காரணத்துக்காக: காஸ்டிக், எலிக் காய்ச்சல்.

அடையாளம் காண்பது பல்லில்தான். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் எலி இனம். கூர்ப் பற்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக ஓடினால் மூஞ்சூறு. கரம்பை எலியின் கடைவாய்ப் பல்லில் குறுக்குவாட்டில் அகலமான தகட்டு வரிகள். சுண்டெலியின் மண்டையோடு மொத்தமே சுமார் 2 சென்டிமீட்டர். குட்டிக் கரம்பை எலியும் வளர்ந்த புல் எலியும் மண்டையோட்டு அளவில் ஒத்துப்போகும். அளவை நம்பாமல் பல் வரியைப் பார்க்க வேண்டும். ஒரு உருண்டையில் இரண்டு மண்டையோடு, மூன்று இடது கீழ்த்தாடை, இரண்டு வலது கீழ்த்தாடை இருந்தால் இரை மூன்று: எது அதிகமோ அது.

புரோமாடியோலோன் என்ற எலி மருந்துக் கேக் பரவலாக வைக்கும் ஊரில் கூகை ஆய்வுக்கு ஒரு கூடுதல் கட்டம் வேண்டும். அந்த நஞ்சு எலியின் ஈரலில் தங்கி, தின்ற பறவைக்கும் போகும். கேக் வைத்த தேதி, செத்த கூகை கண்ட தேதி, இடம் எல்லாவற்றையும் எழுதி வைக்கவும். மூங்கிலில் செய்த எலிப்பொறியான தஞ்சாவூர் கிட்டியில் இந்தத் தொல்லை கிடையாது. கிட்டி வைக்கிறவரிடம் அன்று காலை விழுந்த எலிகளை இனம் வாரியாக எண்ணித் தரச் சொன்னால், கூகையின் கக்கலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தனிக் கணக்கும் கிடைக்கும்.

பறவை தாங்கி ஏக்கருக்கு 15 முதல் 20 வரை ஊன்றலாம். தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினாலே போதும். பகலில் கரிச்சான், இரவில் புள்ளி ஆந்தை வந்து உட்காரும். பால் பிடிப்பதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில்லையும் தூக்கணாங்குருவியும் அதில் உட்கார்ந்து கதிரைத் தின்னும். தாங்கி வைத்ததால் பூச்சி குறைந்ததா என்று கேட்பவர்கள், தாங்கிக்கு அடியில் விழுந்த இறக்கை, எச்சம் இவற்றைச் சேகரித்தாலே பாதி பதில் வந்துவிடும்.

வயலைச் சுற்றி

நிலத்தோற்றக் கணக்குக்கு வயலை நடுவில் வைத்து 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் 78.5 ஹெக்டேர். அதற்குள் நெல், உளுந்து, வாய்க்கால், வடிகால், குளம், திடல், படுகை, தென்னந்தோப்பு, மூங்கில், பனை வரிசை, குடியிருப்பு எத்தனை சதவீதம் என்று பிரிக்க வேண்டும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம், ஆனால் ஒரு புள்ளி 10 மீட்டர். நம் வரப்பு அதில் தெரியவே தெரியாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிவிடும். அப்போது சென்டினல்-1 ரேடார் படம்தான் கை கொடுக்கும். வரப்பை நடந்தே அளக்க வேண்டும். பனையைத் தனியாக எண்ணவும்: உழவாரனுக்கும் தூக்கணாங்குருவிக்கும் அது வீடு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த பிறகு, எந்தக் கிராமத்தில் எத்தனை நிற்கிறது என்ற கணக்குக்குப் பயனும் கூடியிருக்கிறது.

வயலின் மேலே பறக்கும் தட்டான் கூட்டத்தை வயல் கணக்கில் சேர்க்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும் அவற்றில் பெரும்பகுதி நெடும்பயணத் தட்டான். மாலத்தீவு வழியாக ஆப்பிரிக்கா பக்கம் போகிற கூட்டம். காற்றடித்தால் ஆயிரக்கணக்கில் வரும், மறுநாள் இருக்காது. பயிருக்குள் தாழப் பறக்கும் ஊசித்தட்டான்தான் அந்த வயலின் தண்ணீரில் பிறந்தது.

பறவைக் கணக்கிலும் இதே மாதிரி ஒரு வீக்கம் உண்டு. டிராக்டர் சேறு அடிக்கும் வயலிலும் அறுவடை இயந்திரம் ஓடும் வயலிலும் உண்ணிக்கொக்கும் மடையானும் நூற்றுக்கணக்கில் இறங்கும். ‘வேலை நடக்கிறது, நடக்கவில்லை’ என்ற கட்டம் இல்லாத பதிவில் அந்த ஒரு வயல் மொத்தச் சராசரியையும் தூக்கிவிடும். பொங்கலையொட்டி இ-பேர்ட் இணையதளத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு சம்பா அறுப்போடு மோதுவதால் டெல்டாவில் பங்கெடுப்பவர்கள் இதைக் குறிப்புப் பகுதியில் எழுதி வைப்பது நல்லது.

சில்லறை விஷயங்கள்

மாதிரிகளை 70 சதவீத எத்தனாலில் போடுவது வழக்கம். கிடைக்காத இடத்தில் மருந்துக் கடை ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பருவத்துக்குத் தாங்கும். கால்கள் விறைத்துப்போகும், அவ்வளவுதான். சீட்டைப் பென்சிலால் எழுதிக் குழாய்க்குள்ளேயே போட வேண்டும்; பேனா மை கரையும், வெளியே ஒட்டியது சேற்றுக் கையில் உரியும். பிடிபடும் சிலந்திகளில் பெரும்பங்கு குஞ்சுகள், இனம் சொல்ல முடியாது. குடும்ப அளவோடு நிறுத்துவதில் வெட்கம் இல்லை. குஞ்சைப் பார்த்து இனப்பெயர் எழுதுவதில்தான் வெட்கம். சரணாலய எல்லைக்குள் வலை எடுத்துப் போக வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விண்ணப்பம் முதல் நாற்றங்காலுக்கு முன்பே போயிருக்க வேண்டும். இரவு நடைக்கு முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் கழி. வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். காலில் புண் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்க வேண்டாம்.

முடிவுகளை விவசாயிக்குத் திருப்பிச் சொல்லும் நேரம் வைகாசி. கோடை உழவு முடிந்து, விதை வாங்கி, குறுவையா சம்பாவா என்று பேசிக்கொண்டிருக்கும் வாரம் அது. ஒரு பக்கத் தாளில் அவருடைய வயலின் சிலந்தி, புகையான், முட்டைக் குவியலில் வந்த குளவி, உயிருள்ள வளை ஆகிய நான்கு எண்களும், பக்கத்து வயல்களின் அதே நான்கு எண்களும் இருந்தால் போதும். அதை வைத்து, நட்ட முதல் மாதக் குருணையைப் போடலாமா வேண்டாமா என்று அவரே கேட்பார்; அடுத்த பருவத்துக்கான வயல்களைத் தேர்ந்தெடுக்கும் பேச்சும் அந்தத் திண்ணையிலேயே முடிந்துவிடும்.